பண்டுங் நிறத்தில் கியர் எண்ணெய்

எங்கள் மெர்போக்கிலிருந்து சுங்கைப்பட்டாணி டவுனுக்குப் போகிற வழியில், ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு மேடு உண்டு. பெரிய மேடு ஒன்றும் இல்லை. அந்தத் திங்கட்கிழமை காலை அதன் பாதியில் என் பழைய பிக்கப் லோரி திணறியது. மிதிக்க மிதிக்க எஞ்சின் சத்தம்தான் ஏறியது; வண்டி இழுக்கவில்லை. பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டவுனில் இருக்கும் டயாலிசிஸ் மையத்தில் நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். ஒரு முறை வெள்ளத்தால் போக முடியாமல், மறுநாள் நெஞ்சில் நீர் கோத்து அவள் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தவன் நான். எங்கள் தோட்டத்துப் பாதைக்குள் வாடகைக் கார் வராது. அக்கம்பக்கத்தார் விடியுமுன்னே ஃபேக்டரி பஸ் ஏறிவிடுவார்கள். இந்த ஆட்டோ கியர் லோரியை விட்டால் எங்களுக்கு வேறு வழி இல்லை.

"என்னங்க, சத்தம் மட்டும் போகுது, நாம போகலையே."

"கொஞ்சம் பேசாம இரு."

"நான் பேசினதாலதான் நிக்குதாக்கும்."

முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கியரை முதல் கட்டத்துக்கு இறக்கினேன். மிதியை லேசாகத் தொட்டுத் தொட்டு, நடக்கிற ஆளைவிட மெதுவாக மேடேறினோம். அவளை மையத்தில் சேர்த்தபோது மற்றவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி முடித்திருந்தார்கள்.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். அங்கே வண்டி பழுது பார்க்கும் போர்மேன் தமிழ் முஸ்லிம். பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டபடியே கியர் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், கல்யாணங்களில் கொடுக்கிற, ரோஸ் சிரப்பில் பால் கலந்த பண்டுங் பானம் போல இருந்தது.

"அண்ணே, இது என்ன, கல்யாண வீட்டுத் தண்ணியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிறத்தைப் பார்த்ததுமே முந்தின நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

முந்தின நாள் ஆயுத பூஜை. சாமி முன்னால் நிறுத்தும் வண்டிக்கு உள்ளும் புறமும் சுத்தம் வேண்டும் என்பது என் வழக்கம். பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். அந்தக் கம்பியின் பிடிக்கும் ஒரு பொட்டு வைக்க அதை உருவியவன், குழாயில் சும்மா செருகி வைத்தேன், அழுத்தவில்லை. பிறகும் ஒரு மூலையில் சேறு தெரிய, ஹோஸ் பைப்பைத் திருகித் தண்ணீரைப் பீய்ச்சினேன். சரியாக மூடாத அந்தக் குழாய் வழியாகத்தான் அது உள்ளே இறங்கியிருக்க வேண்டும்.

பாய் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். "இங்க எண்ணெய் மிதக்கல. ரேடியேட்டர் உள்ளுக்குள்ள உடைஞ்சு தண்ணி கலக்கல. வெளியிலிருந்துதான் எறங்கியிருக்கு. வெள்ளத்துல ஓட்டினீங்களா?"

"ஆமா பாய். பாடாங் மேஹா பக்கம் ரோட்டுல தண்ணி ஏறியிருந்துச்சு."

நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன். சாமிக்குச் செய்த காரியத்தால் அவள் உயிருக்கு வந்தது வினை என்று இன்னொருவர் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பாய் தலையாட்டினார். "அப்ப கியர்பாக்ஸ் மட்டும் போதாதுலா. முன்னுக்கு, பின்னுக்கு ஆக்சில், வீல் பேரிங், எல்லாத்தையும் கழட்டணும். வண்டி இங்க நிக்கட்டும். வியாழக்கிழமை வாங்க."

வியாழன் என்றால் அவளுடைய புதன்கிழமை டயாலிசிஸ் போய்விடும். பின்சக்கரத்துக்கு அடியில் அவர் ஜாக்கியைத் தள்ளினார். வண்டியின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது.

"பாய், நிறுத்துங்க. நான் சொன்னது பொய்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜாக்கிக் கம்பியைப் பிடித்தபடியே கேட்டார்.

"அப்ப கியர்பாக்ஸுக்கே அபிஷேகம் பண்ணிட்டீங்க."

"ஆமா."

"இத மொதல்லயே சொல்ல வேணாமா அண்ணே? அக்கா அங்க படுத்திருக்காங்க, நீங்க இங்க கதை சொல்லிக்கிட்டு." ஜாக்கியை இறக்கினார். "நேத்து எறங்கின தண்ணின்னா இன்னும் வழி இருக்கு. உள்ள கிளட்ச் தட்டுல ஒட்டியிருக்கிற பசை தண்ணியில ஊறி உரிஞ்சிருந்தா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது."

கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். அதில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும்; இரும்புத் தூள் அதில் சேரும். பாய் அதை விரலால் வழித்து வெளிச்சத்தில் காட்டினார். சாம்பல் நிறத்தில் மை போன்ற வழக்கமான கசடுதான் இருந்தது. துண்டு துணுக்கு எதுவும் இல்லை. அடித்தட்டின் மூலைகளையும் தடவிப் பார்த்தார். கிளட்ச் தட்டு உரிந்த கறுப்புச் செதில் ஒன்றாவது தட்டுப்படுமோ என்று நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுப்படவில்லை.

ஃபில்டரை மாற்றி அடித்தட்டைப் பூட்டினார். எண்ணெய் குளிர்வதற்காக ரேடியேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி அதன் வாயை வாளியில் விட்டார். மேலே புது எண்ணெய் ஊற்ற ஊற்ற, ஓடும் எஞ்சின் பழையதைக் கீழே தள்ளியது. பண்டுங்காகவே வந்தது. வாளி நிறைந்ததும் எஞ்சினை அணைத்தோம். இரண்டாவது வாளியில் நிறம் வெளுத்த ரோஜாவாக ஆனது. சுவர்க் கடிகாரத்தில் அவள் எழுந்திருக்க இன்னும் அரை மணிதான் இருந்தது. மூன்றாவது வாளியில் சிவப்பு தெரிந்தது.

"இன்னும் உள்ள கொஞ்சம் தண்ணி இருக்கும். நாளைக்கு ஒரு தடவ கொண்டு வாங்க, மறுபடி மாத்துவோம். பசை தாங்குச்சா இல்லையான்னு மேட்டுலதான் தெரியும். அல்லாஹ் பாத்துக்குவான், நீங்க கம்பிய பாத்துக்குங்க."

அவளை மையத்திலிருந்து ஏற்றிக்கொண்டேன். திரும்பும்போது அந்த மேடு எங்களுக்கு இறக்கம் என்பதால் வண்டி உருண்டு வந்துவிட்டது. வீட்டு வாசலில் நிறுத்தி, அவளிடம் உண்மையைச் சொன்னேன். பஞ்சு ஒட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டவள் சொன்னாள்.

"நானும் பாத்தேன். கம்பி நீட்டிக்கிட்டு நின்னுச்சு."

"பாத்தியா? ஏன் சொல்லல?"

"பொட்டு வச்சு நிறுத்தியிருந்தீங்க. அதுவும் பூஜையில ஒண்ணுன்னு நெனச்சேன். சாமி காரியத்துல குறுக்க பேசக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

நான் இறங்கிப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

செவ்வாய் அந்த மேட்டை முதல் கட்டத்திலேயே மெல்ல மெல்ல ஏறிப் போய் எண்ணெய் மாற்றி வந்தேன். புதன் காலை, கம்பி உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்த பிறகுதான் திருநீறு இட்டுக்கொண்டேன். மேடு வந்தது. மிதியை அழுத்தினேன். வண்டி ஒரு முறை உதறியது. மிதியை நான் விடவில்லை. பிறகு கியர் பிடித்தது; மரங்கள் பின்னால் போகத் தொடங்கின. அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இன்னைக்கு நாமளும் போறோம்."

மையத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு வாசலிலேயே காத்திருந்தோம்.