அறுபதில் உட்கார்ந்த சுழியம்

ஃபெட்டுவாவோ அக்கா எங்கள் தீவின் தலைநகர் ஆப்பியாவில் உள்ள வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு பார்க்கிறார். தேவாலயப் பாட்டுகளைப் பதிந்து, இரைச்சலை நீக்கி, ஞாயிறு காலையில் ஒலிபரப்புவது அவர் வேலை. அந்த வாரம் அவர் புகுந்த ஊரின் முறை. பதிவில் ‘ம்ம்ம்’ என்று ஓடிய மின்சார இரைச்சலைச் சுத்தமாக எடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கேட்க வந்தார் மனுவேலே. அக்கா கணவரின் அண்ணன். அடிக்குரல் பாடுகிறவர்களுக்குத் தலைவர். கேட்டதும் முகம் கறுத்துவிட்டது.

“பன்னெண்டு பேர் அடிவயித்துலேருந்து பாடினோமேம்மா, எங்க குரல் எங்க? கொசு பாடுற மாதிரில்ல இருக்கு! இதைப் போடுறதா இருந்தா எங்க ஊர்ப் பாட்டே வேணாம்.”

“மத்தியானம் வரைக்கும் பொறுங்க மாமா.”

“பொறுக்கறேன். அதுக்கு மேல ஆகாது” என்று கோக்கோ குடிக்கச் சந்தைப் பக்கம் போனார்.

உதவியாளனான நான் பக்கத்தில் உட்கார, அக்கா கணினித் திரையில் இரைச்சலை எடுக்கும் வடிகட்டியின் வட்டத்தைத் திறந்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த வட்டத்தைப் படித்துத்தான் பட்டமே வாங்கினேன். வட்டத்தின் விளிம்பில் ஒவ்வொரு இடமும் ஒரு சுருதி. எங்கே சுழியம் என்ற புள்ளியை வைக்கிறோமோ அந்தச் சுருதி செத்துவிடும். தனியாக வைத்தால் அக்கம்பக்கத்துச் சுருதிகளையும் சேர்த்து விழுங்கும். அக்கா வைத்திருந்தது தனிச் சுழியம்.

“துருவம் வைக்கலையாக்கா?”

“அவசரத்துல விட்டுட்டேன்டா.”

சுழியத்துக்குப் பின்னால், வட்டத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு துருவத்தை வைத்தார். அது அக்கம்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். துருவம் வட்டத்தைத் தாண்டினால் மட்டும் ஒலி ஊளையிடும். அடிக்குரல்கள் திரும்பின. கூடவே இரைச்சலும் திரும்பியது!

அக்கா துருவத்தை நகர்த்தினார், சரிவரவில்லை. நான் சுழியத்தின் எண்ணைப் பார்த்தேன். அறுபது.

“அக்கா, நீங்க இன்னும் பாங்கோ பாங்கோவுலயா இருக்கீங்க?”

அக்கா பதினோரு வருஷம் பக்கத்து அமெரிக்கத் தீவில் இருக்கும் அந்த ஊரில் வேலை பார்த்தவர். அமெரிக்கப் பக்கத்து மின்சாரம் நொடிக்கு அறுபது தடவை துடிக்கும், நம்முடையது ஐம்பது. தனிச் சுழியம் அகலமாக விழுங்கியதால் அந்தத் தப்பு வெளியே தெரியவில்லை; துருவம் வந்து அதன் வாயைக் குறுக்கியதும் ஐம்பது தப்பித்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு, சுழியத்தையும் துருவத்தையும் ஐம்பதுக்கு நகர்த்தினார். இரைச்சல் போன இடம் தெரியவில்லை. பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். அக்கா நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

மனுவேலே வந்து கண்ணை மூடிக் கேட்டார்.

“மூணாவது வரியில சுருதி விடுறது எவன்?”

“நீங்கதான் மாமா.”

மனுவேலே வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அப்ப நல்லாத்தான் கேக்குது. போடும்மா.”