ஊருக்குக் கால் இல்லை

எங்கள் குப்பத்துக் கரையில் நிற்கும் படகுகளில் சாயம் உரிகிற இடம் எப்போதும் ஒன்றுதான். பின்புறத்திலும் இரண்டு பக்கவாட்டிலும், ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளுகிற உயரத்தில், நீலம் போய் வெள்ளை தெரியும். அப்பாவின் படகில் மட்டும் அந்த இடங்களில் சாயம் அடித்தது அடித்தபடி இருக்கிறது. வெயிலில் வெளுத்திருக்கிறதே தவிர தேயவில்லை. முகப்பில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. அது அப்பா கை வைத்து நின்ற இடம். அப்பாவின் நினைவு நாளுக்குப் போன மாதம் போயிருந்தபோது வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படகு நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. கொஞ்சம் தள்ளி, என்னோடு பள்ளியில் படித்த ஒருவர் மணலில் கால் நீட்டி வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தம்பி அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் தத்துவம் படித்தான். தத்துவம்தான் வேண்டும் என்று யாரும் தவம் கிடக்கவில்லை. கூட்டமில்லாத பாடம், கேட்டவுடன் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்தில் வகுப்பு. மீன் வாடை போகக் குளித்துவிட்டு முதல் பேருந்தில் கிளம்பிவிடுவான். இரவு திரும்பும் வழியில் திண்டிவனத்தில் இறங்கி என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அன்று கேட்டதையெல்லாம் என் தலையில் கொட்டிவிட்டுப் போவான். நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள். சொற்களைப் பற்றி என்னிடமே வந்து அளக்கிறானே என்று எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அவன் வராத ஞாயிற்றுக்கிழமை ருசிக்காது.

தருக்கத்தில் சொற்களை இனம் பிரிக்கும் பாடம் ஒன்று உண்டு. அது அவனைப் பேயாய்ப் பிடித்துக்கொண்டது. ஒரு சொல் ஒரே ஒரு ஆளைச் சுட்டுகிறதா, பலரையா என்று பார்ப்பான். யாரைச் சுட்டுகிறது என்பது வேறு, என்ன குணத்தைச் சொல்கிறது என்பது வேறு என்பான். கண்ணில் பட்டதையெல்லாம் அந்தப் பெட்டிகளில் போட்டுப் பார்ப்பான். “அப்பாங்கிறது சார்புப் பதம். நானு பொறக்கலன்னா நீ அப்பாவே கெடயாது” என்று ஒருநாள் அப்பாவிடமே சொன்னான். “உனுக்கு முன்னாடியே உங்க அக்கா பொறந்துட்டா. போய் ஐஸ் எடுத்தா” என்றார் அப்பா. தருக்கத்தில் அவனை அப்பா வென்றதைப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

இன்மைப் பதம் என்று இன்னொரு வகை. கல்லைப் பார்த்து யாரும் குருடு என்று சொல்வதில்லை. பார்வை இருந்திருக்கவேண்டிய ஒன்றில் அது இல்லாமல் போனால்தான் அந்தச் சொல் பொருந்தும். பிறகு தொகுதிப் பதம். கூட்டம், படை, சபை மாதிரியான சொற்கள். தொகுதியைப் பற்றிச் சொல்வது அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் பொருந்தவேண்டும் என்பதில்லை, ஒவ்வொன்றைப் பற்றிச் சொல்வதும் தொகுதிக்குப் பொருந்தவேண்டும் என்பதில்லை. பாடப்புத்தகம் ஏதோ உதாரணம் சொல்லியிருந்ததாம். தம்பிக்கு அது பிடிக்கவில்லை. அவனே ஒன்று வைத்திருந்தான். “வலையை எடுத்துக்கோ அக்கா. ஒவ்வொரு கண்ணும் வெறும் ஓட்டைதான். ஒரு ஓட்டை எதையாவது புடிக்குமா? ஆனா வலை புடிக்குது.” நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். அந்த உதாரணம் ஒருநாள் எங்கள் கழுத்தைச் சுற்றும் என்று அப்போது தெரியாது.

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டுக்காரரின் படகு இயந்திரம் எங்கள் வலையைக் கடலில் அறுத்துவிட்டது. கேட்கப்போன அப்பாவை அவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். இப்படி எது நடந்தாலும் பஞ்சாயத்தாரிடம்தான் போகவேண்டும் என்பது எங்கள் குப்பத்துக் கட்டுப்பாடு. அடி வாங்கிய சூட்டில் அப்பா நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்விட்டார். அன்று மாலையே கோயில் எதிரில் கூட்டம் கூடியது. ஊரைத் தாண்டிப் போனதற்கு அப்பா ஊர்க் காலில் விழவேண்டும், அதுவரை கட்டு என்று முடிவானது. கட்டு என்றால் எங்கள் வீட்டாரோடு யாரும் பேசக்கூடாது, கடையில் எதுவும் கொடுக்கக்கூடாது, படகுக்குக் கை கொடுக்கக்கூடாது. மீறுகிறவருக்கும் அதே கதி.

“ஊருக்குக் கால் எங்க இருக்குது? யாரு கால்ல உழணும்?” என்று தம்பி கூட்டத்தில் கேட்டானாம். பஞ்சாயத்துத் தலைவர் சிரிக்கவில்லை. “படிச்ச புள்ள, மருவாதியா பேசு” என்று மட்டும் சொன்னார். அப்பா விழவில்லை. அறைந்தவன் நிற்கிற கூட்டத்தில் அறை வாங்கியவன் விழுவதா என்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

கடையில் கொடுக்காதது பெரிய கஷ்டமில்லை. அரிசியும் பருப்பும் திண்டிவனத்திலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். படகுதான் கஷ்டம். ஃபைபர் படகை மணலிலிருந்து நீரில் இறக்க ஏழெட்டுத் தோள்களாவது வேண்டும். எந்தப் படகு இறங்கினாலும் பக்கத்தில் இருப்பவர்கள் கூப்பிடாமலே வந்து தோள் கொடுப்பார்கள். அதற்கு நன்றி சொல்கிற வழக்கம்கூடக் கிடையாது. அந்தத் தோள்கள் ஒரே நாளில் இல்லாமல் போயின. அப்பாவும் தம்பியும் மட்டும் தள்ளிப் பார்த்தார்கள். படகு அசையவில்லை. அப்போதுதான் புதுச்சாயம் அடித்து முடித்திருந்த படகு. கடலுக்குப் போகாதவள் என்று என்னை யாரும் சொல்வதில்லை. அது எனக்குக் குறையும் இல்லை. கடலுக்குப் போகாமலிருப்பது அப்பாவுக்குக் கண் போனது மாதிரி. விடியும்போது எழுந்து போய்ப் படகின் முகப்பில் கை வைத்து நிற்பார். மற்ற படகுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போகும். கடைசிப் படகும் போனபிறகு வீட்டுக்கு வருவார். அந்தப் படகு ஒருமுறை நீரில் இறங்கிவிட்டால் போதும் என்பதைத் தவிர அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். ஊர் என்று ஒன்று தனியாக இல்லை, ஆட்கள்தான் இருக்கிறார்கள், ஒவ்வொரு ஆளாகக் கேட்டால் ஊர் கரைந்துவிடும் என்று நம்பினான். குப்பத்துக்குள் யாரும் பேசமாட்டார்கள் என்பதால் வெளியில் பிடித்தான். திண்டிவனம் பேருந்து நிலையம், மரக்காணம் சந்தை, விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி வாசல். அங்கெல்லாம் எல்லாரும் அவனோடு நன்றாகவே பேசினார்கள். டீ வாங்கிக் கொடுத்தவர்கள்கூட உண்டு. “உங்கப்பா மேல எனுக்கு இன்னாடா கோவம்? ஒண்ணா கடலுக்குப் போய்க்கினு இருந்தவங்க நாங்க. ஊரு சொல்லுது, நானு இன்னா பண்றது?” ஒவ்வொருவரும் இதையே சொன்னார்கள். எங்கள் வலையை அறுத்தவரும்கூட, அன்று கை நீட்டியது தப்புதான் என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். தம்பி சந்தோஷத்தோடு என் வீட்டுக்கு வந்தான். “ஒருத்தருமே இல்லக்கா. ஒருத்தருக்குமே நம்ம மேல ஒண்ணும் இல்ல” என்றான். அவன் முகத்தைப் பார்த்து நானும் நம்பினேன்.

திண்டிவனத்தில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தான். சமாதானக் கூட்டம் என்று எல்லாரையும் வரச்சொன்னார்கள். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போய்ப் பின்னால் நின்றேன். குப்பத்தார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருந்தார்கள். அதிகாரி ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். இந்தக் குடும்பத்தை நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறீர்களா? “நானா? இல்லீங்க சார்.” அடுத்தவர். “எனுக்கு ஒண்ணியும் இல்லீங்க. அண்ணன் மாதிரிங்க அவுரு.” அதற்கு அடுத்தவர். தலைவரும் எழுந்தார். “அப்பிடி ஒரு பழக்கமே எங்க பக்கம் இல்லீங்க சார்” என்று கைகூப்பினார். எவர் சொன்னதையும் பொய் என்று என்னால் சொல்லமுடியவில்லை, தலைவர் சொன்னதைத் தவிர. தம்பி சாட்சிகளைக் கூட்டி வந்தவன் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். எல்லாரும் சொல்லி முடித்ததும் அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். “யாருமே ஒதுக்கலையேப்பா. அப்புறம் என்ன பிரச்சினை?” என்றார்.

தம்பி கேட்டதைத்தான் அவர்கள் கொடுத்திருந்தார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். ஒதுக்கல் எதுவும் இல்லை என்று எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அப்பாவும் போட்டார். தொகுதிப் பதத்தைப் பற்றி என் சாப்பாட்டு அறையில் மணிக்கணக்காகப் பேசியவன், ஆட்களைக் கூட்டினால் ஊர் வந்துவிடும் என்று எப்படி நினைத்தான் என்று இன்றும் யோசிக்கிறேன். தெரியாமல் இல்லை. அப்பா அந்த முகப்பில் கை வைத்து நிற்பதை அவனால் பார்க்கமுடியவில்லை, அதனால் தெரிந்ததை மறந்தான். அந்தப் பாடத்தில் அவனுக்கு நல்ல மதிப்பெண் வேறு.

அன்று இரவு அப்பாவோடு தங்கலாம் என்று நானும் கிளம்பினேன். மாலை மரக்காணம் பேருந்தில் எல்லாரும் ஒன்றாகத்தான் திரும்பினோம். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். தம்பியும் நானும் அவருக்குப் பின் இருக்கை. அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. கொஞ்சநேரத்துக்கு முன் அண்ணன் மாதிரி என்று சொன்னவர் அந்த இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றுகொண்டே வந்தார். நடத்துநர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். “பரவால்ல, எறங்கப்போறேன்” என்றார். மறுநாள் காலையில் அப்பா வழக்கம்போல முகப்பில் கை வைத்து நின்றார். கையெழுத்துப் போட்டவர்கள் குனிந்த தலையோடு அவரைக் கடந்து போய்த் தங்கள் படகுகளைத் தள்ளினார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தார், எழவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் குப்பமே நின்றுகொண்டிருந்தது. பந்தல் போட்டுவிட்டார்கள். சங்கு ஊதுகிறவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தனை மாதங்களாகப் பேசாதவர்கள் அப்பாவை எப்படியெல்லாம் புகழ்ந்தார்கள்! வெறுப்பில் எனக்குக் கண்ணீரே வரவில்லை. அப்பாவைத் தூக்கத் தோள் கொடுப்பதற்குப் போட்டி வேறு. தம்பி குறுக்கே வந்து நின்றான்.

“தூக்கறதுக்கு முன்னாடி படகைத் தண்ணில எறக்குங்க. ஒரு தள்ளு. அப்புறம் தூக்குங்க” என்றான். அவன் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் அழுதுகொண்டிருந்தார். நிஜமாகத்தான் அழுதார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு தம்பியின் தோளில் கை வைத்தார். “சாவுக்குக் கட்டு கெடயாது தம்பி. அதான் ஊரே வந்துக்குது. படகு மேல கட்டு இன்னும் எடுக்கல இல்ல” என்று பொறுமையாகச் சொன்னார்.

என் தம்பி அத்தனை நாள் படித்த இனப்பிரிப்பை விடச் சுத்தமான இனப்பிரிப்பு அது. உயிரோடு இருக்கும்வரை அப்பா ஒரு பெட்டியில் இருந்தார். அன்று காலையில் அவரை இன்னொரு பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்திருந்தது. தம்பி வழி விட்டான். சுடுகாட்டுக்குக் கரை வழியாகத்தான் போகவேண்டும். படகுக்குப் பக்கத்தில் போகும்போது தோள் மாற்றுவதற்காகக் கொஞ்சம் நின்றார்கள். இரண்டடி தள்ளி அந்த முகப்பு.

தம்பி அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான். இப்போது விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் மேற்பார்வை பார்க்கிறான். வருகிறவர்கள் யதார்த்தமாக எந்த ஊர் என்று கேட்டால் விழுப்புரம் என்கிறான். இரவுச் சாப்பாட்டுக்கு இப்போதும் எப்போதாவது வருவான். சொற்களைப் பற்றிப் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. படகை என்ன செய்வது என்று ஒருமுறை கேட்டேன். “அங்கியே கெடக்கட்டும்” என்றான்.

போன மாதம் அங்கே நின்றபோது, வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். நல்ல மனிதர். பள்ளியில் எனக்கு நாவல்பழம் பறித்துக் கொடுத்தவர்.

“இன்னாம்மா, படகு இப்பிடியே மக்கிப் போவுது. எடுத்துக்கினு போங்களேன். யாரு வேணாங்கிறா?” என்றார்.

“நீங்க ஒரு கை குடுப்பீங்களா?” என்று கேட்டேன்.

அவர் கரையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்து, அடுத்த கண்ணைப் பின்ன ஆரம்பித்தார்.