முகம் தேய்ந்த சிலுவை

லண்டனில் நான் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை ஷிப்ட் சம்பந்தமானவை. வராத காய்ச்சலை வந்ததாகச் சொல்லி எத்தனையோ தரம் லீவு எடுத்திருக்கிறேன். அவற்றையெல்லாம் அடுத்த நாளே மறந்துவிட்டேன். ஒரு பொய் மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை. அதை ஒரு கல்லுச் சிலுவையின் அடியில் நின்று சொன்னேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் நானும் அம்மாவும் மனோர் பார்க்கில் குடியிருந்தோம். எனக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. அப்பா ஊரிலேயே செத்துப்போயிருந்தார். எனக்கு ஒரே ஒரு தம்பி. நாங்கள் இங்கே வருவதற்கு முதல் வருடம், ரியூசனுக்குப் போன வழியில் ராணுவ ஜீப்பில் வந்தவர்கள் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஆளும் இல்லை, செய்தியும் இல்லை.

நவம்பர் பிறந்தால் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஓர் உறை தருவார்கள். செத்துப்போன சொந்தக்காரரின் பெயர்களை எழுதிக் கொடுத்தால் அந்த மாதம் முழுவதும் பூசையில் அவர்களுக்காக மன்றாடுவார்கள். அம்மா முதலில் அப்பாவின் பெயரை எழுதுவார். தன் அண்ணன்மாரை எழுதுவார். பிறந்து மூன்றாம் நாள் போன ஒரு தங்கையைக்கூட மறக்கமாட்டார். பிறகு பேனையை மூடிவிடுவார். ஒரு வருடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"தம்பிக்கும் ஒரு பூசை குடுப்பம் அம்மா."

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆத்துமப் பூசையோ? உனக்கென்ன விசரோ?"

அன்று முழுவதும் அவர் என்னோடு கதைக்கவில்லை.

அம்மாவிடம் ஒரு சாட்சி இருந்தது. தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும் மண்டபத்தில் மன்னார்க்காரர் ஒருவரைச் சந்தித்தோம். தடுப்பு முகாமில் இருந்து வெளியே வந்தவர் என்று யாரோ சொன்னார்கள். அம்மா விடுவாரா?

"என்ர மகனைக் கண்டனீங்களோ தம்பி? நல்ல உயரம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓம் அம்மா. உயரமான பொடியன்."

"இடக்கையால எழுதுவான்."

"ஓம், இடக்கைதான்."

"கன்னத்தில ஒரு தழும்பு இருக்கும்."

"ஓம், ஓம். கண்டனான் அம்மா. உயிரோடதான் இருக்கிறான்."

எல்லாம் அம்மாவின் வாயில் இருந்து போய் அம்மாவின் காதுக்கே திரும்பி வந்தது. அந்த ஆளைக் கன்னத்தில் அறையவேண்டும் போல எனக்கு இருந்தது. அம்மாவோ தன் பங்குக் கேக்கையும் எடுத்து அவரிடம் கொடுத்தார்.

தம்பி செத்துவிட்டான் என்றுதான் நான் நம்பினேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவனுடைய பிடரி தெரியும். இறங்கும்போது அந்த ஆள் திரும்புவார், யாரோ ஒருவராக இருப்பார். உயிரோடு இருப்பவர்களை இப்படிக் காண்பதில்லை என்று எனக்கு ஓர் எண்ணம்.

அம்மாவுக்குத் தெரியாமல் அவனுக்கு ஒரு மெழுகுதிரியாவது கொளுத்தவேண்டும் என்று முடிவெடுத்தேன். எங்கள் ஊர்க் கத்தோலிக்கரைப் புதைக்கும் சேமக்காலையின் நடுவில் ஒரு பெரிய சிலுவை நிற்கும். வேறு ஊரில் புதைக்கப்பட்டவர்கள், கடலில் போய்த் திரும்பாதவர்கள், எல்லோருக்கும் அதனடியில்தான் நவம்பர் இரண்டு, சகல ஆத்துமாக்களின் நாளில் திரி கொளுத்துவார்கள். நானும் அதே நாளில் பஸ் பிடித்து இங்குள்ள கத்தோலிக்கச் சேமக்காலைக்குப் போனேன். இரண்டு பாதைகள் சந்திக்கும் இடத்தில் என்னைவிட உயரமான ஒரு கல்லுச் சிலுவை நின்றது. இதுதான் நடுச் சிலுவை என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை.

அப்படி ஒரு சிலுவையை நான் அதற்குமுன் கண்டதில்லை. நான்கு கைகளையும் சுற்றி ஒரு கல்வளையம். அதில் சிக்குக்கோலம் போல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போகும் கோடுகள். தண்டில் சின்னச் சின்ன மனிதர்களைச் செதுக்கியிருந்தார்கள். ஒருவருக்கும் முகம் இல்லை. கண்ணும் மூக்கும் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. ஓரத்தில் மற்றவர்களைவிட உயரமாக ஒருவன் நின்றான். அவனைத் தம்பியாக வைத்துக்கொண்டு திரியைக் கொளுத்தினேன்.

நான்கு வருடம் இப்படிப் போனது. ஐந்தாம் வருடம் நான் போனபோது, சிலுவையடியில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு வெள்ளைக்கார அம்மா உட்கார்ந்திருந்தார். எழுபது வயதிருக்கும். மடியில் தேத்தண்ணி பிளாஸ்க். என் கையில் இருந்த மெழுகுதிரியைப் பார்த்தார். அவருடைய முகம் வாடிப்போனது.

"நீயா?" என்றார். அயர்லாந்து ஆங்கிலம், எனக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

அவர் குனிந்து, அடிக்கல்லை மூடியிருந்த கொடியை விலக்கிக் காட்டினார். அங்கே ஒரு பெயர் இருந்தது. அவருடைய கணவரின் பெயர். அது ஊருக்குப் பொதுவான சிலுவை இல்லை, ஒரு தனி மனிதரின் கல்லறை. யாரோ ஒருவரின் தலைமாட்டில் நான்கு வருடமாக என் தம்பிக்கு மன்றாடியிருக்கிறேன்! வெட்கத்தில் எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. பிளாஸ்க் மூடியில் எனக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அயர்லாந்தில் கணவருடைய ஊரில் ஒரு பழைய சேமக்காலை இருக்கிறதாம். அங்கே ஆயிரம் வருடத்துக்கு முந்திய சிலுவை ஒன்று, ஆதித் துறவிகள் காலத்தது, இன்னும் நிற்கிறதாம். அதே மாதிரி ஒன்று தனக்கு வேண்டும் என்று சாகுமுன் கணவர் கேட்டாராம். கல்லுக் கொத்துகிறவரிடம் ஒரு போட்டோவைக் கொடுத்தார்கள். அவர் போட்டோவில் கண்டதை அப்படியே கொத்திவிட்டார், தேய்ந்த முகங்களையும் சேர்த்து.

"ஆயிரம் வருட மழை செய்த வேலையை அந்த மனிதன் ஒரே மாதத்தில் முடித்துவிட்டான்" என்று சிரித்தார். உடனேயே சிரிப்பை நிறுத்தினார்.

"என் மகன் தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன். தகப்பனின் செத்தவீட்டுக்கும் வரவில்லை. அடுத்த வருடம் இங்கே வந்தபோது கல்லில் மெழுகு வடிந்திருந்தது. அவன்தான் வந்துபோகிறான் என்று நினைத்தேன். வருடாவருடம் அந்த மெழுகைப் பார்த்துத்தான் நாட்களைக் கடத்தினேன். இந்த முறை பிடித்துவிடலாம் என்று காலையில் இருந்தே காத்திருக்கிறேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எல்லா வருடமும் நீதானா?"

உண்மை என் நாக்கு நுனியில் இருந்தது. அவர் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார்.

"இல்லை" என்றேன். "நான் வரும்போது ஏற்கெனவே ஒரு திரி எரிந்துகொண்டிருக்கும். ஒருமுறை ஓர் ஆளையும் கண்டேன்."

"உயரமா?"

"ஆம், உயரம்."

"சிவப்புத் தலைமயிரா?"

"தொப்பி போட்டிருந்தார். ஓரத்தில் சிவப்பாகத்தான் தெரிந்தது."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். மன்னார்க்காரராவது கேட்டதற்கு மட்டும் ஓம் போட்டார். நானோ அவர் கேட்காத தொப்பியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடத்தில் இருந்து இரண்டு திரி கொண்டுபோனேன், அவர் வருவதற்கு முன்பே, விடிந்ததும் முதல் பஸ்ஸில். ஒன்று தம்பிக்கு, மற்றது அந்த மகன் கொளுத்தியதாக இருக்க. நான் நிறுத்தினால் அந்தத் தாய்க்கு மகன் செத்துப்போவான் என்று பயமாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம் போனபோது, கணவரின் பெயருக்குக் கீழே அவருடைய பெயரைப் புதிதாகக் கொத்தியிருந்தார்கள். அதற்கும் கீழே இன்னொரு வரி, அதே புதுக்கொத்து. மகனின் பெயர். பக்கத்தில் அவன் இறந்த வருடம். நான் அங்கே முதல் திரியைக் கொளுத்தியதற்கு முந்திய வருடம்.

குடும்பத்தில் யாருக்கோ தெரிந்திருக்கிறது. தாய் உயிரோடு இருக்கும்வரை வாய் திறக்கவில்லை. நான் தொப்பி போட்டு நிறுத்திவைத்தவன் அப்போதே மண்ணுக்குள் இருந்திருக்கிறான். நிமிர்ந்து பார்த்தேன். ஓரத்தில் முகமில்லாமல் நின்ற அந்த உயரமானவன் என் தம்பியா, அவருடைய மகனா என்று எனக்கு இனிச் சொல்ல முடியவில்லை. இரண்டு திரிகளையும் கொளுத்திவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா குசினி மேசையில் நவம்பர் உறையோடு இருந்தார். பெயர்களை எழுதி, பேனையை மூடியிருந்தார்.

"பிள்ளை" என்றார். "அந்த மன்னார்த் தம்பி எங்கட பொடியனைக் கண்டவர்தானே?"

அதுவரை அம்மா அதை எனக்குச் சொல்லித்தான் பழக்கம். ஒருநாளும் கேட்டதில்லை.

"ஓம் அம்மா. கண்டவர்."

"உயரமெண்டு சொன்னவர்."

"ஓம். உயரமான பொடியன், தொப்பி போட்டிருந்தவன் எண்டும் சொன்னவர்."

அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியாது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் ஒருநாளும் தொப்பி போடாதவன்" என்றார். "எந்த வெயிலுக்கும் போடமாட்டான்."

அம்மா பேனையைத் திறந்தார். தம்பியின் பெயரை எழுதி முடிக்க அவருக்கு வெகுநேரம் எடுத்தது.