ஸ்டீல் வால்வு என்று சொன்னது

சண்முகசுந்தரத்துக்குப் பொய் சொல்ல வராது. சுரங்கத்தில் பதினெட்டு வருஷமாக பம்ப் ஆபரேட்டர். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பெரிய பொய், சென்னையில் நெஞ்சைத் திறந்து இதயத்தில் வைத்தது ஸ்டீல் வால்வு என்று மனைவி புஷ்பவல்லியிடம் சொன்னதுதான். வைத்தது பன்றியின் வால்வு. திருநெல்வேலிச் சைவக் குடும்பம். பக்கத்து குவார்ட்டர்ஸில் மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்துகிறவள் அவள். பாவம், மனுஷன் வேறென்ன சொல்வார்?

பல் பிடுங்குவதென்றாலும் முதலில் டாக்டரிடம் வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும், காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்று சென்னையில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆனால் கடைவாய்ப் பல் வலித்தபோது, உள்ளூர் டாக்டரிடம் போனால் விஷயம் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கப் பரவிவிடுமே என்று பயந்து, வடலூர்ச் சந்தையில் பல் பிடுங்குகிறவனிடம் வாயைத் திறந்தார்.

இரண்டு வாரத்தில் காய்ச்சல் கண்டது. அந்த வருஷம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் மூளைக்காய்ச்சல். ஷிப்டில் கூட வேலை பார்க்கும் கண்ணையன் சொன்னான்: "பன்னிதாங்க காரணம். அதுங்கிட்ட இருக்கிற நோவ கொசு எடுத்தாந்து புள்ளைங்களுக்குக் குடுத்துகினு இருக்குது. எங்க ஊரு பக்கம் ரெண்டு புள்ளைங்க போயிடுச்சிங்க."

சண்முகசுந்தரத்துக்குத் தன் நெஞ்சுக்குள் இருக்கும் பன்றி வால்வு நினைவுக்கு வந்தது. தன்னைக் கடித்த கொசு அடுத்து சந்திரகலாவைக் கடித்தால்? மகளுக்கு ஏழு வயதுதான். அன்று முதல் தனியறையில் கொசுவலைக்குள் படுத்தார். ஆசையாக ஓடி வந்த குழந்தையை, "கிட்ட வராத, போ அங்கிட்டு!" என்று விரட்டினார். வெறும் ஜலதோஷம் என்று மாத்திரையை விழுங்கி ஆறு நாள் ஓட்டினார். நெஞ்சு துடிக்கும்போதெல்லாம் உள்ளே அது உறுமுவதாகவே தோன்றியது.

ஏழாம் நாள் குளியலறையில் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கா?" என்று டாக்டர் கேட்டார். சண்முகசுந்தரம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இவங்களுக்குப் பன்னி வால்வு வச்சிருக்கு டாக்டர். போன மாசம் பல்லும் பிடுங்கினாங்க" என்றாள் புஷ்பவல்லி.

டாக்டரின் முகம் மாறியது. "இது மூளைக்காய்ச்சல் இல்லம்மா. பன்றியால வந்ததும் இல்ல. வால்வ மருந்துல ஊறவச்சு சுத்தம் பண்ணித்தான் வைப்பாங்க. பல்லு புண் வழியா கிருமி போய் வால்வுல ஒட்டிக்கிட்டிருக்கு. முதல் நாளே வந்திருக்கணும். இப்பவே சென்னைக்குக் கொண்டு போகணும்."

சண்முகசுந்தரம் மனைவியைப் பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரிச் சீட்டுல இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு. சந்திரகலாவோட டீச்சரம்மாகிட்ட வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நீங்க கூச்சப்படுவீங்களேன்னு நானும் வாயைத் திறக்கல."

வெளியே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னால மகளுக்கு ஒண்ணும் வராதே?"

"வராது."

"அப்ப அவளைக் கூட்டிட்டு வா, புஷ்பா. ஆறு நாளாத் தொடல."