சாலையில் அரிசிக்கு ஒரு கோஷம்

சாலைக் கடைத்தெருவில் என் மாட்டுவண்டி ஒரு தேர்தல் வண்டியின் பின்னால் ஊர்கிறது. அதில் நிற்கிறவர், சட்டசபைக்கு நிற்கும் வக்கீலுக்காகத் தகரக் குழாயில் முழங்குகிறார். இந்த முறை கூலிக்காரருக்கும் ஓட்டு உண்டாம்.

அரிசி மண்டி வாசலில், "போடு ஓட்டு வக்கீலுக்கு, ஏறும் விலை அரிசிக்கு!" என்கிறார். முதலாளிகள் பூரிக்கிறார்கள். தெருக்கோடியில் மூட்டை சுமப்பவர்களிடம், "போடு ஓட்டு வக்கீலுக்கு, இறங்கும் விலை அரிசிக்கு!"

"என்ன அண்ணாச்சி, இப்படிப் புளுகுதீங்க?" என்கிறேன்.

"ஆளுக்குத் தக்க கோஷம், கேட்டோ. வக்கீலே ரெண்டுக்கும் தலையாட்டிட்டாரு."

இரண்டு வண்டிகளும் திரும்பும்போது, மண்டி வாசலில் ஒரு மூட்டை வண்டி குடைசாய்ந்து வழியை அடைக்கிறது. முதலாளிகளும் சுமைக்காரர்களும் ஒன்றாகத் தேர்தல் வண்டியைச் சூழ்கிறார்கள். "விலை ஏறுமா, இறங்குமா? ஒண்ணு சொல்லும் வே!" என்று அதட்டுகிறார் ஒரு சுமைக்காரர்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். குழாயைத் தூக்குகிறார்.

"போடு ஓட்டு வக்கீலுக்கு, நியாய விலை அரிசிக்கு!"

இரண்டு கூட்டமும் கை தட்டுகிறது. சுமைக்காரர்கள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மண்டி முதலாளி மட்டும் உள்ளே போய், விலைப்பலகையை அழித்து, நியாய விலையை எழுதுகிறார். காலையில் இருந்ததைவிட அது கொஞ்சம் கூடுதல்.