எறும்புக் கிண்ணத்துத் தண்ணீர்

மகனுக்குக் காய்ச்சல் இரண்டாவது நாள். டொக்டர் மருந்து எழுதும்போதே கேட்டார்: "வீட்டில, நீங்கள் போற இடத்தில டெங்கு நுளம்பு இருக்கோ? இருந்தால் பிள்ளைய உடன கொண்டுவாங்கோ. இல்லாட்டி ரெண்டு நாள் பாப்பம்." எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். சொன்னதிலிருந்து அந்தப் பதில் சரிதானா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளவத்தையில், பழைய பொருட்கள் விற்கும் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டோல் இருக்கிறது. அன்று என்னுடைய பழைய சாப்பாட்டு அலுமாரியைப் பார்க்க ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். பிள்ளையை பாமன்கடை வீட்டில் மாமியிடம் விட்டுவிட்டுப் போனேன். போயிருக்கக் கூடாதோ என்று பஸ்ஸுக்குள்ளேயே தோன்றியது.

படியேறும்போதே நுளம்புப் பரிசோதனைக்கு ஆட்கள் வந்திருப்பது தெரிந்தது. காற்சட்டைப் பையில் டோர்ச் செருகிய பரிசோதகர் ஒருவர், ஒவ்வொரு ஸ்டோலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். பக்கத்து ஸ்டோலில் பழைய மணிக்கூடு விற்கும் நானா அவரிடம், "என்ட மணிக்கூடு ஒண்டுமே ஓடுறதில்ல. நுளம்பு நேரம் பாத்தா இங்க வரப்போகுது?" என்றார். பரிசோதகர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் அலுமாரியின் கால்களைப் பார்த்தேன். எறும்பு ஏறாமல் இருக்க, அந்தக் காலத்தில் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்கள். நாலு கிண்ணமும் அலுமாரியோடு கிடைத்தவை. வாங்க வருகிறவர்களுக்கு விளங்கட்டும் என்று நான்தான் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். போன கிழமை முழுதும் பாலர் பாடசாலை இல்லாததால், மகன் அந்த அலுமாரிக்குப் பக்கத்தில்தான் பாய் போட்டுத் தூங்கினான்.

போனை வெளிச்சமாக்கிப் பார்த்தேன். தூசியா, புழுவா என்று தெரியவில்லை.

நானா எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தண்ணிய வெளிய ஊத்திருங்க தங்கச்சி. கண்டா கேஸ் போடுவாங்க."

கிண்ணத்தில் கை வைத்தேன். ஒரு துணியால் ஒற்றினால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் பிறகு டொக்டருக்கு நான் என்ன சொல்வது?

"வேண்டாம் நானா. அவர் பாக்கட்டும்."

"பைத்தியமா ஒங்களுக்கு?"

பரிசோதகர் வந்ததும் நானே கிண்ணங்களைக் காட்டினேன். அவர் தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி டோர்ச்சைப் பிடித்தார். தூசி என்று நான் நினைத்ததெல்லாம் நெளிந்தது.

"இங்கே சின்னப் பிள்ளைகள் வருவார்களா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"என் மகன் வந்தான். இப்போது காய்ச்சல். இரண்டாவது நாள்." எனக்குச் சிங்களம் தடுமாறியது.

அவர் டோர்ச்சை அணைத்தார். "பிறகு ஏன் இங்கே நிற்கிறீர்கள்?"

ஸ்டோலை நானாவிடம் விட்டுவிட்டுப் படியிறங்கியபடியே மாமிக்குப் போன் எடுத்தேன்.

"இப்பத்தானே பிள்ளை கண்ணயர்ந்தவன்," என்றார் மாமி.

"எழுப்புங்கோ மாமி. ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வாறன், வாசல்ல நில்லுங்கோ."

பின்னேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டெங்குதான். இன்றைக்கே கொண்டுவந்தது நல்லது என்று டொக்டர் சொன்னார். அந்தத் தண்ணீரை ஊற்றி வைத்தவள் நான் என்பது அவருக்குத் தெரியாது. வழக்கு வருமா, ஸ்டோலை மூடச் சொல்வார்களா என்று இரத்மலானையில் வேலை முடிந்து நேரே வந்த கணவர் கேட்டார். அதை யோசிக்க எனக்கு இடமே இருக்கவில்லை. மகன் எவ்வளவு குடித்தான், எவ்வளவு சிறுநீர் போனான் என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. பிளேட்லெட் இறங்கியது. மறுநாள் இன்னும் இறங்கியது. பிறகு நின்று, மெல்ல ஏறியது.

ஏறத் தொடங்கிய நாள் காலை அவன் நுளம்பு வலைக்குள் எழுந்து உட்கார்ந்து சொக்லேட் பால் கேட்டான். கபில நிறத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது, வாந்தியில் இரத்தம் வந்தால் தெரியாமல் போய்விடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் தாதியைப் பார்த்தேன். அவர் அட்டையைப் புரட்டிவிட்டு, "நாளைக்குக் கொடுக்கலாம்," என்றார் சிங்களத்தில். சரியாகத்தான் விளங்கியதா என்று நான் இன்னொரு தடவை கேட்டேன்.