அம்மாவின் இதயத்துக்கு ஒரு புதுக் கதவு

அம்மாவின் அருகில் உட்கார்ந்தால் "டிக், டிக்" என்று கேட்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் கடிகாரத்தைத் தேடிச் சுவரைச் சுற்றிப் பார்ப்பார்கள். நானும் தம்பியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். சத்தம் வந்தது அம்மாவின் நெஞ்சுக்குள்ளிருந்து.

இதயத்துக்கு நாலு அறைகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்த ரத்தம் வலப்பக்க அறைகளின் வழியாக நுரையீரலுக்குப் போய்க் காற்றை வாங்கிக்கொண்டு இடப்பக்கத்து மேலறைக்குத் திரும்பும். அங்கிருந்து கீழறைக்கு இறங்கும். சுவர் தடித்த அந்தக் கீழறைதான் ஒரே அமுக்கில் அதை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்பிவைப்பது. நடுவிலுள்ள கதவுகள் ஒரு பக்கமாக மட்டுமே திறக்கும். போன ரத்தம் திரும்பக் கூடாது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அம்மாவின் இடப்பக்கக் கதவை இறுக்கிவிட்டிருந்தது. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மேடு ஏறுகையில் அவள் மூச்சிரைத்ததை "மலைக் குளிரு" என்று சொல்லியே நாங்கள் காலத்தைக் கடத்தினோம். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. கடைசியில் கோலாலம்பூரில் நெஞ்சைத் திறந்து செயற்கைக் கதவு ஒன்றைப் பொருத்தி அனுப்பினார்கள். அது திறந்து மூடுகிற சத்தம்தான் அந்த "டிக், டிக்".

எங்கள் தோட்டத்து லய வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் "ரத்தம் ஊற" கீரை கொடுத்தே தீரவேண்டும். பக்கத்து வீட்டு விஜயா அத்தை கியா பார்மில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்தாள். தினமும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தாள்.

"செத்துப் பொழச்சு வந்திருக்காங்க லா அண்ணி. ரத்தம் ஊற வேணாமா?"

அப்பா இரண்டு வேளையும் கடைந்து வைத்தார். புதுக் கதவில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை, கீரையைத் திடீரென்று கூட்டினால் மாத்திரை வேலை செய்யாது என்று மருத்துவமனைத் தாளில் மலாயில் எழுதியிருந்தது. ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான்தான் அதை வாசித்துச் சொன்னேன்.

"கீரை தின்னு எவன் செத்தான்?" என்று அப்பா தாளை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினார். மலாய் வாசித்துக் காட்டிய பெருமையில் நானும் விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சத்தம் ஈரத்துணியில் சுற்றிவைத்ததுபோல மங்கிக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்; அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. நான் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. அத்தையின் கணவர் காய்கறி லோரியைக் கிளப்ப, அத்தை அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். கதவில் ரத்தக்கட்டி ஒட்டியிருந்தது. அதைக் கரைக்க இரண்டு நாள் பிடித்தது.

அம்மா என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். "தெனமும் நாந்தான் டாக்டர் கீரை குடுக்குறேன்" என்று அத்தை பெருமையாகச் சொன்னாள். அவர் விளக்கி முடித்தபோது சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழுவாதடி. நீ என்னா வெஷமா குடுத்த?" என்றாள் அம்மா, மூச்சுக்கு நடுவில்.

மாறாத அளவில் கொஞ்சம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியும் அத்தை கேட்கவில்லை. கேரட் வந்தது, தக்காளி வந்தது, கீரை மட்டும் வரவே இல்லை. "கியா பார்ம்ல கீரையே அழிஞ்சிப் போச்சா?" என்று அம்மா சீண்டுவாள். அப்பா ஒரு பிடி அளந்து ஆக்கும் நாளில் அத்தை எங்கள் வாசலையே மிதிக்க மாட்டாள்.

என் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, போன மாதம் நுரையீரல் காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். லயத்தில் இப்போது எங்களையும் சேர்த்து மூன்றே தமிழ் வீடுகள். மற்றவற்றில் வெளிநாட்டுத் தொழிலாளிகள். பதினாறாம் நாள் படையலுக்கு, ரிங்லெட்டில் குடியேறிவிட்ட அத்தை தலையெல்லாம் நரைத்து, பெரிய சட்டியொன்றைச் சுமந்து வந்தாள். அம்மாவின் படத்துக்கு முன்னால் போட்டிருந்த இலையில் கீரையை அள்ளி அள்ளி வைத்தாள். அப்பா சோற்றை ஒதுக்கி இடம் விட்டார்.

"தின்னுங்க அண்ணி," என்றாள் அத்தை. "இனிமே ஒங்கள ஒன்னும் பண்ணாது."